பொன்னம்மாபேட்டையில் யுத்தக்கால ஏரோட்ரோம் இருந்ததா? ஒரு பழைய போட்டோவை வைத்து ஒரு கேள்வி

பேட்டைத்தறி · ஞாயிறு இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். ஊர் வரலாறு தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

எங்கள் வீடு சேலம் பொன்னம்மாபேட்டை கேட் பக்கம். மூன்று தலைமுறையாகத் தறி. போன வாரம் பரணை ஒழித்தபோது தாத்தாவின் தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு போட்டோ, ஒரு சாண் நீளத்துக்கு ஊசி, மெழுகு தேய்த்த நூல்கண்டு, நாலு பித்தளைப் பட்டன். பெட்டியின் அடியில் அட்டை மாதிரி விறைத்துப்போன ஒரு துணி.

போட்டோவில் தாத்தா அரைக்கால் சட்டையோடு ரெட்டை இறக்கை விமானம் ஒன்றின் பக்கத்தில் நிற்கிறார். வயது இருபதைத் தாண்டியிருக்காது. பின்பக்கம் ஆங்கிலத்தில் மையால் எழுதியிருக்கிறது: "1 ஈ.எஃப்.டி.எஸ்., பி. பேட்". அந்த 'பி' ஈரம் பட்டு அழிந்து ஒரு நேர்கோடும் மேலே ஒரு சுழியும் மட்டும் மிச்சம்.

வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை இது: இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பொன்னம்மாபேட்டையில் ஏரோட்ரோம் (விமானத் தளம்) இருந்தது, வெள்ளைக்காரன் அங்கேதான் பைலட்டுகளைப் பழக்கினான், தாத்தா அதில் வேலை பார்த்தார். 'பி. பேட்' என்றால் பொன்னம்மாபேட்டை. போட்டோவில் பின்னால் தெரிவது சேர்வராயன் மலை. விமானம் மாம்பழ மஞ்சளில் இருக்கும் என்று தாத்தா சொல்வாராம், ஆனால் போட்டோவில் கறுப்பாகத்தான் தெரிகிறது.

தாத்தா 1981இல் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பிறந்தது அதற்கு அப்புறம். இப்போது கேட்பதற்கு அத்தை ஒருவர்தான் இருக்கிறார். யாருக்காவது ஏதாவது தெரியுமா?

ஓமலூரான் · ஞாயிறு இரவு 9:31

இதில் சந்தேகமே வேண்டாம் தம்பி. பொன்னம்மாபேட்டை இல்லை, எங்கள் பக்கம் காமலாபுரம். இப்போதிருக்கும் சேலம் ஏர்போர்ட் பிரிட்டிஷ்காரன் மேட்டூர் அணையைக் காப்பாற்றப் போட்ட ரன்வே. ஜப்பான்காரன் குண்டு போட்டால் அணை போய்விடும் என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டியது. உங்கள் தாத்தா அங்கேதான் இருந்திருப்பார். ஆதாரம் என்னிடம் இருக்கிறது, தேடி அனுப்புகிறேன்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் · ஞாயிறு இரவு 10:02

ஓமலூர் அண்ணே, அந்த ஆதாரம் வாட்ஸ்அப்பில் பச்சைப் பெட்டிக்குள் "ஃபார்வேர்டு செய்யப்பட்டது" என்று வந்ததுதானே? எனக்கும் வந்தது.

காமலாபுரம் நிலையம் 1990களில் வந்தது. ரன்வே சுமார் 1,800 மீட்டர். யுத்தத்துக்கும் அதற்கும் அரை நூற்றாண்டு இடைவெளி. அங்கே விமானம் வருவதும் நிற்பதுமாக இருந்து, 2018இல் சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் மறுபடி சென்னைக்குப் பறந்தது எல்லாம் நாம் கண்ணால் பார்த்த கதை. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடித்தது, அது உண்மை. ரன்வே கதை மட்டும் ஒட்டுப்போட்டது.

ஆனால் பேட்டைத்தறி கேட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் யுத்தக்கால ஓடுதளங்கள் நிறைய. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. சென்னையே காலியாகி, மூட்டை முடிச்சோடு ஜனங்கள் உள்நாட்டுக்கு ரயில் ஏறினார்கள். ஹைகோர்ட்டைக்கூடக் கோயம்புத்தூருக்கு நகர்த்தினார்கள். அந்த அவசரத்தில்தான் இந்தியா முழுக்க இருநூறுக்கு மேல் விமானத் தளங்கள் போடத் திட்டம் போட்டார்கள். சூலூர், தாம்பரம், அரக்கோணம், சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, தஞ்சாவூர் எல்லாம் அந்தக் காலத்துத் தளங்கள்தான். இதில் அரக்கோணம் இப்போது கடற்படையின் ராஜாளி விமானத் தளம், 1992இல் இருந்து. தஞ்சாவூர் 2013இல் விமானப்படை நிலையமாக மறுபிறவி எடுத்தது. சோழவரத்துக்குத்தான் விசித்திரமான வாழ்வு: விமானம் போனதும் கார், பைக் ரேஸ் வந்தது. எங்கள் அப்பா கல்லூரிக் காலத்தில் வருஷா வருஷம் பிப்ரவரி மாதம் அங்கே ஓடிவிடுவார். இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்த பிறகுதான் அந்தக் கூட்டம் கலைந்தது.

என் ஊகம்: 'பேட்' என்று முடிவதால் உளுந்தூர்பேட்டையாக இருக்குமோ? திருச்சி ரோட்டில் போகும்போது இன்றும் பார்க்கலாம், பாளம் பாளமாக வெடித்த சிமெண்டுத் தரை, அதன்மேல் வற்றலும் தானியமும் காய்கிறது.

கன்னங்குறிச்சி டாக்கீஸ் · ஞாயிறு இரவு 10:40

எனக்கு விமானம் தெரியாது, சினிமா தெரியும். சேலத்துக்காரர்கள் மண்டையில் யுத்தமும் விமானமும் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் ஏற்காடு அடிவாரத்தில் இருந்தது: மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் 1945இல் 'பர்மா ராணி' என்று ஒரு படம் கொண்டு வந்தார். ஜப்பான் பிடியில் இருந்த பர்மாவில் மாட்டிக்கொண்ட இந்திய விமானப்படைக்காரர்களின் கதை. யுத்தத்துக்கு ஆதரவாகப் படம் எடுத்தாக வேண்டும் என்று அரசாங்கம் தயாரிப்பாளர்களை நெருக்கிய காலம் அது. பிலிம் சுருளுக்கே ரேஷன். ஊரில் அந்தப் படத்தைப் பார்த்த தலைமுறைக்கு "சேலத்தில் விமானப்படை" என்பது நிஜமா சினிமாவா என்று கலந்துபோயிருக்க வாய்ப்பு உண்டு.

பேட்டைத்தறி · ஞாயிறு இரவு 10:55

டாக்கீஸ் அண்ணா, தாத்தா சினிமாவில் வேலை பார்த்திருந்தால் வீட்டில் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள் :)

உளுந்தூர்பேட்டைக்கு எழுத்து ஒத்துவரவில்லை. நேர்கோடும் சுழியும் என்றால் 'பி' மாதிரித்தான். பெரிதாக்கிப் படம் போடுகிறேன், பாருங்கள்.

பழைய ஏர்மேன் · திங்கள் காலை 6:20

தம்பி, போட்டோவைப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். நான் விமானப்படையில் ஏர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது சூரமங்கலத்தில் இருக்கிறேன்.

முதலில் அந்த எழுத்துகள். ஈ.எஃப்.டி.எஸ். என்றால் எலிமென்டரி ஃப்ளையிங் ட்ரெயினிங் ஸ்கூல். பைலட்டாக வருகிறவன் முதன்முதலில் ஸ்டிக்கைப் பிடிக்கும் பள்ளி. யுத்தக்கால இந்தியாவில் அப்படி எண் போட்ட பள்ளிகள் இரண்டைச் சொல்வார்கள். 2ஆம் எண் ஜோத்பூர். 1ஆம் எண் ஹைதராபாத் பேகம்பேட்.

ஆங்கிலத்தில் 'பேகம்' என்பதற்கு வரும் 'பி'க்கு இரண்டு சுழி. கீழ்ச் சுழியை ஈரம் தின்றுவிட்டது. மேல்சுழி மட்டும் நின்றதும் அது 'பொன்னம்மா'வுக்கு வரும் 'பி'யாகிவிட்டது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பி என்பதால் உங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

மலையையும் பாருங்கள். பொன்னம்மாபேட்டையில் மொட்டை மாடி ஏறினால் சேர்வராயன் எப்படித் தெரியும்? மதில் சுவர் மாதிரி நீளமாக, மேலே தட்டையாக. போட்டோவில் இருப்பது மலையே இல்லை. ஒன்றின்மேல் ஒன்று உருட்டி வைத்த பாறைகள். அது தக்காணத்துப் பாறை. ஹைதராபாத் பக்கம் எங்கே திரும்பினாலும் அந்த மாதிரிதான் நிற்கும். நான் அங்கே வேலையில் இருந்தபோது எங்கள் பையன் அதை "ராட்சசன் விளையாடின கோலிக்குண்டு" என்பான்.

விமானம் டைகர் மோத். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. மேல் இறக்கை நடுவில் பெட்ரோல் டேங்க் குடைபோல உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் · திங்கள் காலை 7:05

அய்யா, அற்புதம். ஆனால் ஒரு கேள்வி. பேகம்பேட் நிஜாமின் இடம் ஆயிற்றே? பிரிட்டிஷ்காரன் பயிற்சிப் பள்ளியை ஏன் அங்கே கொண்டு போனான்?

பழைய ஏர்மேன் · திங்கள் காலை 8:45

நடைப்பயிற்சி முடித்து வந்து எழுதுகிறேன், நீளமாகப் போகும், மன்னிக்கவும்.

பைலட் பயிற்சிக்கு மூன்று வேண்டும்: எதிரி எட்டாத இடம், வருஷத்தில் பெரும்பாலும் தெளிந்த வானம், ஏற்கெனவே இருக்கும் ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை). ஹைதராபாத் கடற்கரையில் இருந்து நல்ல தூரம். 1930களிலேயே பேகம்பேட்டில் நிஜாம் அரசின் ஏரோ கிளப் வந்துவிட்டது. ஜோத்பூரிலும் மகாராஜா உமைத் சிங்குக்கு விமானப் பைத்தியம், தளம் தயாராக இருந்தது. சமஸ்தானத்து ராஜாக்கள் ஆசைக்குப் போட்டு வைத்தது யுத்தத்துக்கு உதவியது. நிஜாமுக்கு இதில் பழைய கணக்கும் உண்டு: முதல் உலகப்போரிலேயே ஒரு முழு ஸ்குவாட்ரனுக்கு (விமானப் படைப்பிரிவு) விமானம் வாங்கிக் கொடுத்தவர், அதனால்தான் ராயல் ஏர்ஃபோர்ஸின் 110ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'ஹைதராபாத்' என்று பெயர். நம் ஊர்ப் பணமும் போயிருக்கிறது. 234, 264 என்று இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர், இரண்டாம் உலகப்போரில் இங்கே திரட்டிய நிதிக்காக. சேலம் ஜில்லாவும் அந்தப் பிரசிடென்சியில்தானே இருந்தது.

ஆள் கணக்கைச் சொன்னால் அவசரம் புரியும். 1932 அக்டோபர் 8இல் இந்திய விமானப்படை பிறந்தது. 1933 ஏப்ரலில் அதன் முதல் விமானப் பிரிவு அமைந்தபோது அதிகாரிகள் 6 பேர், 'ஹவாய் சிப்பாய்கள்', அதாவது வான் சிப்பாய்கள், 19 பேர். யுத்தம் தொடங்கும்போது 16 அதிகாரிகள், 144 ஆட்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் அடக்கிவிடலாம். யுத்தம் முடியும்போது சுமார் 28,500 பேர். ஆறே வருஷத்தில். இத்தனை பேரை எங்கே பழக்குவது? முதலில் வகுப்பறைப் பாடம், மோர்ஸ் தந்தி, வரைபடம். அடுத்து பேகம்பேட்டிலோ ஜோத்பூரிலோ டைகர் மோத். அதில் தேறினால் அம்பாலாவில் ஹார்வர்டு என்ற பெரிய பயிற்சி விமானம். அதற்கப்புறம்தான் சண்டை விமானம். பேகம்பேட்டில் முடித்தவன் பாதிப் பைலட்கூட இல்லை, குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் பழகினவன் மாதிரி.

டைகர் மோத் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். 130 குதிரைத்திறன் எஞ்சின், நாலு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்கும். முழு வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர் சொச்சம். பெங்களூரு ரோட்டில் சில பிள்ளைகள் ஓட்டுகிற வேகம். பிரேக் கிடையாது. வாலில் சக்கரம்கூட இல்லை, ஏர்க்கொழு மாதிரி ஒரு முட்டு தரையைக் கீறிக்கொண்டு வரும். அதனால் சிமெண்டுத் தரையைவிடப் புல்தரையே அதற்குச் சுகம். காற்றடித்தால் இரண்டு பேர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். முன் சீட்டில் வாத்தியார், பின் சீட்டில் பையன். தனியாகப் போகும்போதும் பையன் பின் சீட்டில்தான், இல்லாவிட்டால் எடை முன்னால் சாயும். ரேடியோ இல்லை. ஒரு ரப்பர் குழாய், வாத்தியார் ஒரு முனையில் கத்தினால் பையன் காதில் நேராக விழும். பத்து மணி நேரம் முன்னே பின்னே பழகினதும் வாத்தியார் இறங்கிக்கொண்டு "போய்ட்டு வா" என்பார். அதுதான் முதல் சோலோ.

ஸ்டார்ட் செய்வது கையால். ஒருவர் முன்னால் நின்று மர விசிறியைப் பிடித்து இழுக்க வேண்டும். முதலில் "ஸ்விட்ச் ஆஃப்... சக் இன்" என்று கூப்பிட்டு, பெட்ரோல் உள்ளே போக விசிறியை மெதுவாகச் சுற்றுவார்கள். அப்புறம் "கான்டாக்ட்!" என்று குரல். உள்ளே இருப்பவன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு அதையே திருப்பிச் சொல்வான். ஒரே வீச்சு, கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்துவிட வேண்டும். தாமதித்தால் விரல் போகும்.

பேட்டைத்தறி · திங்கள் காலை 9:30

அய்யா, கை நடுங்குகிறது. இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "கான்டாக்ட்" என்று நான் சொன்னதும் அத்தை சிரித்துவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் இருந்தது, கைப்பிடி போட்டுச் சுற்றுவது. தாத்தா அதைச் சுற்றுவதற்கு முன் தலையைத் தூக்கி "கான்டாக்ட்!" என்று கத்துவாராம். வாய்க்காலில் மடை திருப்ப நிற்கும் ஆயா "ம்" என்று பதில் சொன்னால்தான் சுற்றுவார். ஆயா பதில் சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பாராம். பிள்ளைகள் எல்லாம் அது ஏதோ சாமி பெயர் என்று நினைத்திருக்கிறார்கள்.

சேர்வராயன் கதை போனதில் அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம். பொன்னம்மாபேட்டை போனதில் எனக்கு.

கருங்காலி · திங்கள் பகல் 12:15

எல்லோரும் மெய்சிலிர்க்கிறீர்கள், நடுவில் புகுந்து கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். 1942இல் இதே ஊரில் 'வெள்ளையனே வெளியேறு' என்று ஜெயிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். என் கொள்ளுத்தாத்தா ஒருவர். அதே வருஷங்களில் வெள்ளைக்காரன் படையில் சம்பளம் வாங்கினவரை என்ன சொல்லிக் கொண்டாடுகிறோம்?

பேட்டைத்தறி · திங்கள் பகல் 1:40

கொண்டாடவில்லை நண்பா, தேடிக்கொண்டிருக்கிறேன். யுத்தத்தில் நூல் கிடைக்கவில்லை. கள்ள மார்க்கெட்டில் நூல்கண்டு விலை எகிறி, 1943இல் துணிக்கும் நூலுக்கும் கன்ட்ரோல் ஆர்டர் போட்டார்கள். தறி ஓடாமல் நின்ற வீட்டில் மூத்த பையன் எங்கே போவான்? அத்தை சொன்ன கணக்குப்படி தாத்தாவுக்குப் பின்னால் ஆறு பேர்.

பழைய ஏர்மேன் · திங்கள் மாலை 4:00

கருங்காலி தம்பி கேட்டது சரியான கேள்விதான். அந்தக் காலத்து மெஸ்ஸிலேயே அந்தப் பேச்சு இருந்ததாக எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படைக்காரர்கள் கலகம் செய்தபோது இந்திய ஏர்மேன்களும் பல இடங்களில் வேலையை நிறுத்தினார்கள். சம்பளம் வாங்கினவன் எல்லாம் விசுவாசி என்று சொல்லிவிட முடியாது. அவ்வளவுதான் நான் சொல்வேன்.

கருங்காலி · திங்கள் மாலை 4:22

சரி அய்யா. ஆயில் எஞ்சின் கதை எனக்கும் பிடித்தது, அதை மறுக்கவில்லை.

இருட்டறை · திங்கள் இரவு 8:10

ஸ்டுடியோ வைத்து முப்பது வருஷம் டார்க் ரூமில் கிடந்தவன் நான். மஞ்சள் விமானம் ஏன் கறுப்பாக விழுந்தது என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஆர்த்தோகுரோமேட்டிக் என்று ஒரு வகை பிலிம் புழங்கியது. நீலம், பச்சை அதன் கண்ணுக்குத் தெரியும். சிவப்பு தெரியாது, மஞ்சளும் மங்கல்தான். அதனால் நீல வானம் வெள்ளையாக விழும், சிவப்பு கறுப்பாகும், அழுத்தமான மஞ்சள் கருஞ்சாம்பலாகும். உங்கள் போட்டோவில் வானம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது, தாத்தாவின் உதடு கறுத்திருக்கிறது. அடையாளம் அதுதான். விமானம் மஞ்சள் என்று தாத்தா சொன்னதை நம்பலாம்.

பழைய ஏர்மேன் · திங்கள் இரவு 9:00

இருட்டறை சார், கும்பிடுகிறேன். நீங்கள் சொன்னதை வைத்து இன்னொன்றும் பிடிபட்டுவிட்டது.

பயிற்சி விமானத்துக்கு மஞ்சள் அடிப்பது பிரிட்டிஷ் வழக்கம், "பழகுகிறவன் வருகிறான், விலகு" என்று தூரத்திலேயே தெரிய. நம் ஊர் எல் போர்டு மாதிரி. அது சரி. இப்போது விமானத்தின் உடம்பில் பக்கவாட்டில் உள்ள படை அடையாள வட்டத்தைப் பாருங்கள். வழக்கமான வட்டத்தில் நடுப்பொட்டு சிவப்பு. இந்த பிலிமில் சிவப்பு கறுப்பாக விழுந்திருக்க வேண்டும். ஆனால் போட்டோவில் நடுவே வெளுப்பாக இருக்கிறது. அப்படியென்றால் அங்கே சிவப்பே இல்லை. ஜப்பான் விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம், தூரத்தில் குழப்பிக்கொண்டு நம்மாளே நம்மாளைச் சுட்டுவிடுவான் என்று இந்தியாவிலும் பர்மா முனையிலும் வட்டத்தில் இருந்த சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே படம் ஏறக்குறைய 1943 வாக்கிலோ அதற்கு அப்புறமோ எடுத்தது. நூல் கன்ட்ரோல் வந்த வருஷத்தோடு பொருந்துகிறதா?

அப்புறம் அந்த ஊசி. அதைப் பற்றி யாருமே கேட்கவில்லை, எனக்கு முதல் நாளில் இருந்து அதே நினைப்பு. ஊசிக்கும் மெழுகு நூலுக்கும் விமானத்தில் என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்?

ஓமலூரான் · திங்கள் இரவு 9:12

பாராசூட் தைக்கவா?

பழைய ஏர்மேன் · திங்கள் இரவு 10:05

நல்ல ஊகம் ஓமலூராரே, ஆனால் இல்லை. இறக்கை தைக்க.

டைகர் மோத்தின் இறக்கை மரச்சட்டம், அதன்மேல் துணி. அயர்லாந்து லினன். சட்டத்துக்குத் தலையணை உறை மாதிரி துணியைப் போட்டு, விலா எலும்பு மாதிரி இருக்கும் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் சேர்த்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் பறக்கும்போது மேல்பக்கத் துணி பலூன் போல உப்பிப் பிய்ந்துவிடும். நீள ஊசியை மேலிருந்து இறக்கிக் கீழே ஒருவர் வாங்கித் திருப்பி மேலே குத்துவார். சுமார் மூன்று அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, விசிறிக் காற்று நேராகப் படும் இடத்தில் இன்னும் நெருக்கமாக. ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் அடுத்தது நிற்க வேண்டும். நூலுக்கு மெழுகு போடுவது நழுவாமல் இறுகிப் பிடிக்க. தையலின்மேல் ஓரம் பல் பல்லாக வெட்டிய நாடாவை ஒட்டுவார்கள், பிசிறு போகாமல் இருக்க.

அதற்குமேல் டோப் என்று ஒரு கரைசல் பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி இறுகும், விரலால் தட்டினால் பம்பை மாதிரிச் சத்தம் வரும். முதல் பூச்சு செங்காவி நிறம், வெயிலில் துணி இற்றுப்போகாமல் காக்க. கடைசியில்தான் மஞ்சள். நான் இதையெல்லாம் படையில் கற்கவில்லை, என் காலத்தில் எல்லாம் தகடு. ஓய்வுக்கு அப்புறம் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் புஷ்பக் விமானத்துக்குத் துணி போடும் கிழவர் ஒருவரிடம் கற்றேன்.

டோப் வாசனை நெயில் பாலிஷ் வாசனையேதான். மூக்கைப் பிடுங்கும்.

தம்பி, அந்த விறைத்த துணியை ஈரப் பஞ்சால் லேசாகத் துடைத்துப் பாருங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

பேட்டைத்தறி · செவ்வாய் காலை 6:50

ராத்திரி இதைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. துணியைத் துடைத்தேன். எழுபது எண்பது வருஷத்து அழுக்கு பழுப்பாக வந்தது. அடியில் மஞ்சள். நிஜமாகவே மாம்பழ மஞ்சள். புரட்டினால் மறுபக்கம் செங்காவி ஊறியிருக்கிறது. ஒரு ஓரத்தில் ஊசி போன துளைகள் வரிசையாக, இடைவெளி சீராக. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், மூன்று அங்குலத்துக்கு ஒரு நூல் கனம்கூட வித்தியாசம் இல்லை.

நெசவாளி புத்தி சும்மா இருக்குமா? இழை எண்ணும் பூதக்கண்ணாடியான பிக் கிளாஸை வைத்து எண்ணினேன். சாதா நெசவு, பாவும் ஊடையும் ஒரே எண்ணிக்கை. எங்கும் ஒரு இழை தப்பவில்லை. இப்படி ஒரு துணியைத் தறியில் இறக்கினால் எங்கள் மாஸ்டர் வீவர் ஒரு குறையும் சொல்ல முடியாது, கூலியை மட்டும் குறைப்பார்.

அத்தையிடம் நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்து நீட்டி, "இந்த வாசனை தாத்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை திருட்டுத்தனமாக வாங்கிப் பூசிக்கொண்டாராம். தாத்தா வாசலில் நுழையும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாரு ரெக்கைக்குப் பூச்சுப் பூசுறது?" என்றாராம். திட்டுவார் என்று அத்தை பயந்து உள்ளே ஓட, அவர் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பாட்டிலை மூடாமல் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே வைத்திருந்தாராம்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் · செவ்வாய் காலை 7:30

இந்த உரையாடல் இழையை வாசிக்கிறவர்கள் கவனத்துக்கு: ஆபீசுக்கு லேட்டாகிவிட்டது, காரணம் மேலே உள்ள பதிவு.

பேகம்பேட்டின் மிச்சக் கதையையும் போட்டுவிடுகிறேன். 1945இல் நிஜாம் பங்கோடு டெக்கான் ஏர்வேஸ் வந்து அதே தளத்தில் இருந்து பறந்தது. அப்புறம் ஹைதராபாத்தின் ஏர்போர்ட்டே அதுதான், 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் திறக்கும்வரை. இன்று பயணிகள் விமானம் இல்லை, விமானப்படை இருக்கிறது, அவ்வப்போது பெரிய விமானக் கண்காட்சி நடக்கிறது. டைகர் மோத் வேலையை 1950களில் பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை செய்த எச்.டி.-2 பயிற்சி விமானம் எடுத்துக்கொண்டது. பைலட்டுகளைப் பழக்கும் வாத்தியார்களைப் பழக்குகிற பள்ளி 1954இல் அம்பாலாவில் இருந்து நம் தாம்பரத்துக்கு வந்தது.

ஓமலூரான் · செவ்வாய் பகல் 11:15

நான் சொன்னது தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இப்போது எங்கள் வீட்டுக்கு மேலே காலையில் குட்டி விமானம் சுற்றிச் சுற்றி வருகிறதே, இறங்கிற மாதிரி வந்து இறங்காமல் மறுபடி ஏறுகிறதே, அது பைலட் ட்ரெயினிங் இல்லாமல் என்ன?

ஏற்காடு எக்ஸ்பிரஸ் · செவ்வாய் பகல் 11:40

அது ட்ரெயினிங்கேதான் அண்ணே. பைலட் பயிற்சிப் பள்ளி வைக்க 2022இல் விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த ஐந்து இடங்களில் சேலமும் ஒன்று. கடப்பா, ஹூப்ளி, பவ்நகர், கிஷன்கர் மற்றவை. ஆக, சேலத்தில் பைலட் பயிற்சி என்ற உங்கள் வாதம் எண்பது வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டது.

பேட்டைத்தறி · ஞாயிறு மாலை 6:30

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இன்று காலை அத்தையை வண்டியில் உட்கார வைத்து காமலாபுரம் பக்கம் கூட்டிப் போனேன். வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றோம். அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை. அத்தை கிளம்பலாம் என்றபோது ஒன்று வந்தது. வெள்ளை நிறம், ஒற்றை இறக்கை. தரையைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறி மலைப்பக்கம் திரும்பியது.

"மஞ்சள் இல்லையே" என்றார். இல்லை என்றேன்.

"ரெக்கை துணியா?"

"இல்லை அத்தை. எல்லாம் தகடு."

"அப்ப தைக்க ஆள் வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, அது கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

ஓமலூரான் · ஞாயிறு மாலை 6:41

அடப்பாவி, இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு போன் பண்ணக் கூடாதா? எங்கள் வீடு அங்கிருந்து ரெண்டே கிலோமீட்டர். அத்தைக்கு ஒரு காபியாவது கொடுத்திருப்பேன். அடுத்த ஞாயிறு கூட்டி வாருங்கள். காலை ஏழரைக்கு மொட்டை மாடியில் நின்றால் வரிசையாகப் பார்க்கலாம்.